காப்புறுதிக் கட்டத்தில் எண்பது ரூபாய்

மாம்புரி,
2018 பெப்ரவரி 6.

மதிப்புக்குரிய அம்மணி அவர்களுக்கு,

நான் ஏலத்தில் இட்டிருந்த பாடசாலைக் குழுப்படம் தங்களுக்கு விழுந்திருப்பதாக இணையத்தளம் நேற்றுப் பின்னேரம் அறிவித்தது. மிக்க நன்றி. ஜெர்மனியிலிருந்து கேட்டிருந்தாலும் தங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழில் எழுதத் துணிந்தேன். பிழையென்றால் சொல்லுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுவேன்.

படம் 1989ஆம் ஆண்டு மன்னாரில் எடுத்தது. சாதாரண தர வகுப்பு, முப்பத்தொரு பையன்கள். நடுக் கதிரையில் இருக்கும் வகுப்பாசிரியர் நான்தான். இதனால் படத்தின் பெறுமதி கூடுமா குறையுமா என்று எனக்குத் தெரியாததால் விளம்பரத்தில் குறிப்பிடவில்லை. இங்கே உப்புக் காற்று படத்தின் ஓரங்களைத் தின்னத் தொடங்கிவிட்டது. உலர்ந்த நாட்டில் யாராவது வைத்திருக்கட்டும் என்றுதான் விற்கிறேன்.

இணையத்தளத்தின் படிவத்தில் ஐந்து கட்டங்கள் உள்ளன. அவற்றின்படி அனுப்பும் செலவு: விமானத் தபால் 1150, பதிவு 300, பொதி செய்தல் 420, போக்குவரத்து 160, காப்புறுதி 80. மொத்தம் 2110 ரூபாய். இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

இப்படிக்கு,
செ. பீற்றர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்.


2018 பெப்ரவரி 7

ஐயா,

படத்துக்கு நான் கொடுத்தது ஒன்பது யூரோ. அனுப்புவதற்கு நீங்கள் கேட்பது பதினொன்று. இந்த வித்தை எனக்குப் புதிது இல்லை. போன வருஷம் ஒருவர் பித்தளை விளக்கை ஒரு யூரோவுக்கு விற்றுவிட்டுத் தபாற்செலவாக முப்பது எடுத்தார்.

பொதி செய்ய 420 என்றால் எதில் சுற்றுகிறீர்கள், பட்டிலா? நீங்கள் பஸ் ஏறுகிற காசை நான் ஏன் கட்ட வேண்டும்? போன இடத்தில் குடித்த தேநீரை எழுத மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

தளத்தில் முறைப்பாடு பதிந்திருக்கிறேன். ஏழு நாட்களுக்குள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் உங்கள் கணக்கை முடக்குவார்கள்.

அஜித்தா


மாம்புரி,
2018 பெப்ரவரி 9.

மதிப்புக்குரிய அம்மணி அவர்களுக்கு,

தளத்தில் வந்த தங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முறைப்பாட்டின் தலைப்பில் "மிகையான கட்டணம்" என்று இருக்கிறது. முப்பத்தாறு வருடம் அரசாங்கச் சேவையில் இருந்தவன். என் பெயரோடு இப்படியொரு சொல் சேர்ந்தது இதுவே முதல் தடவை. சரியாகவும் இருக்கலாம். அதனால் மீண்டும் கணக்குப் பார்த்தேன்.

பொதி செய்தல்: படம் தடித்த மட்டையில் ஒட்டியது, மடிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒட்டுப்பலகை வைத்தால் நடுவில் முறியாது. பலகை 300, பஞ்சு 90, நூல் 30. போக்குவரத்து: இங்குள்ள உப தபாலகத்துத் தராசு இவ்வளவு அகலமான பொதியைக் கொள்ளாது. புத்தளம் போக வேண்டும். தேநீர் குடிப்பேன், உண்மைதான். அது என் செலவு.

பலகைக்குப் பதிலாகக் காட்போட் வைக்கலாம். பாரமும் குறையும். பஸ் காசை நானே போடுகிறேன். பதிவைக் குறைக்க மட்டும் எனக்கு மனமில்லை. ஐந்தாவது கட்டத்தைப் பற்றித் தாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் எழுதுவேன்.

தாங்கள் சொல்வதுபோல் செய்கிறேன். முறைப்பாட்டை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கணக்கைத் திறந்து தந்தவள் என் பேத்தி சுஜாந்தி. அவள் இப்போது கட்டாரில் இருக்கிறாள். அவளுடைய பெயரும் அதில் இருக்கிறது.

செ. பீற்றர்


2018 பெப்ரவரி 10

ஐயா,

காட்போட் போதும். போக்குவரத்து வேண்டாம். காப்புறுதி இருக்கட்டும், எண்பது ரூபாய்க்கு அது மலிவுதான். காப்புறுதி இருக்கும்போது பதிவு எதற்கு? ஒரே வேலைக்கு இரண்டு தரம் காசு. அதையும் வெட்டுங்கள்.

எனக்கு இந்தப் படம் பத்திரமாக வர வேண்டும். அதனால்தான் காப்புறுதியை விட்டிருக்கிறேன். புதுத் தொகையை அனுப்புங்கள், உடனே கட்டி முறைப்பாட்டையும் எடுக்கிறேன்.

அஜித்தா


மாம்புரி,
2018 பெப்ரவரி 15.

மதிப்புக்குரிய அம்மணி அவர்களுக்கு,

தங்கள் பணம் கிடைத்தது. முறைப்பாடு நீங்கியதையும் கண்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

நேற்றுப் புத்தளம் போய் பொதியைக் கொடுத்தேன். சாதாரண விமானத் தபால், பலகை இல்லாமல் 780 ரூபாய். சட்டமும் கண்ணாடியும் வழியில் உடையும் என்பதால் இங்கேயே கழற்றி வைத்துவிட்டேன். முகவரியை இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "பதியேல்லையா சேர்?" என்று கேட்டது. வாங்குபவருக்கு வேண்டாமாம் என்றேன்.

காப்புறுதிக்குரியதும் செய்தாயிற்று. அதைப் பற்றி ஒரு பந்தி எழுதி அழித்தேன். தீர்ந்த பிரச்சினையை மீண்டும் கிளப்புவானேன் என்று நினைத்தேன். மூன்று கிழமையில் வந்து சேரும்.

செ. பீற்றர்


2018 ஏப்ரல் 19

ஐயா,

ஒன்பது கிழமை ஆகிவிட்டது. படம் வரவில்லை. இங்குள்ள தபாலகத்தில் ஐந்து தரம் கேட்டேன். இலக்கம் கேட்கிறார்கள். பதிவு இல்லாத பொதிக்கு இலக்கம் இல்லையாம். எந்த நாட்டில் நின்றது என்றுகூட ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை அனுப்புங்கள். காசுக்காகக் கேட்கவில்லை. காப்புறுதிக் கம்பனி என்றால் தேடுவார்கள், காசு கொடுப்பதைவிடக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு லாபம் என்று இங்கே வேலை செய்யும் இடத்தில் சொன்னார்கள்.

இதை முதலே சொல்லியிருக்க வேண்டும். தேவை தெரிந்தால் விலை ஏற்றுவீர்கள் என்று பயந்தேன். படத்தின் கீழ் இருக்கிற பெயர்களில் மூன்றாம் வரிசையில் அ. எமிலியன் என்று இருக்கிறது. அவன் என்னுடைய அண்ணா. 1990இல் மண்ணெண்ணெய் வாங்கவென்று சைக்கிளில் போனவன். பிறகு வரவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டில் இருந்த படமெல்லாம் போய்விட்டது.

அம்மா மன்னாரில் இருக்கிறா. பெயர் பாக்கியம்மா. காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் தெருவோரத்தில் கொட்டகை போட்டு இருக்கிறார்களே, அங்கே தினமும் போவா. மற்ற அம்மாமார் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் அம்மா பெயர் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறா.

நீங்கள் தளத்தில் போட்ட படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். உங்கள் போனின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மூன்றாம் வரிசை முழுக்க வெள்ளையாக இருக்கிறது. பெயர் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

பத்திரத்தை இன்றே அனுப்புங்கள்.

அஜித்தா


மாம்புரி,
2018 ஏப்ரல் 23.

அன்புள்ள பிள்ளை அஜித்தாவுக்கு,

அம்மணி என்று எழுத இன்று கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதிப் பத்திரம் என்று ஒன்று இல்லை.

படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன என்று சொன்னேன். எந்தப் படிவத்திலும் வெற்றுக் கட்டம் விடக்கூடாது என்று பழகியவன் நான், பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது கட்டத்தில் "தொலைந்தால் பாதுகாப்பு" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. தொலைந்த பொருளுக்கு எங்கள் ஊரில் புனித அந்தோனியார்தான். என் மனைவி கத்தரினா அலுமாரித் திறப்பைக் காணாவிட்டாலும் அவருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொள்வாள். அவள் போன பிறகு நான் முதற்பொதி அனுப்பியபோது பயமாக இருந்தது. கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். விலை எண்பது ரூபாய். அது பொதிக்காகச் செய்த செலவுதானே, மறைத்தால் பிழை, வேறு கட்டத்தில் போட்டாலும் பிழை என்று அந்தக் கட்டத்தில் எழுதினேன். பன்னிரண்டு பொதிகள் அனுப்பினேன். ஒன்றும் தொலையவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

தாங்கள் காப்புறுதியை நம்பிப் பதிவை வெட்டச் சொன்ன அன்றே நான் இதை எழுதியிருக்க வேண்டும். எழுதினேன். அழித்தேன். ஏமாற்றுக்காரன் என்று மறுபடி முறைப்பாடு வரும் என்று பயந்தேன். என் பயத்துக்கு நான் கொடுத்த விலை தங்கள் அண்ணாவின் படம்.

கண்ணாடியைக் கழற்றிய பிறகு இன்னொரு தரம் படம் பிடித்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. நான் போய்ப் புத்தளத்தில் கேட்டேன். கேட்ட எல்லோரும் இலக்கம்தான் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? தங்கள் தாயார் மன்னாரில் இருக்கிறார். காலையில் பஸ் ஏறினால் நான் பின்னேரம் அங்கே நிற்பேன். படத்தை ஜெர்மனிக்கு அனுப்பாமல் மடியில் வைத்தே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனே.

செ. பீற்றர்


2018 ஏப்ரல் 30

சேர்,

மெழுகுதிரி.

ஒரு கிழமையாக இந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வயோதிபர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை எனக்கு. மெஷினுக்குள் உடுப்பு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்று மெழுகுதிரி, மெழுகுதிரி என்று சொல்கிறேன். பக்கத்தில் வேலை செய்கிற பெண் எனக்குச் சுகமில்லையோ என்று கேட்டாள். முதல் மூன்று நாள் உங்களைத் திட்டினேன். நாலாம் நாள் என்னைத் திட்டினேன். பதிவுக்கு முந்நூறு ரூபாய். நான் வேலைக்குப் போகிற வழியில் குடிக்கிற கோப்பி அதைவிட விலை. அதை வெட்டி வென்றுவிட்டேன் என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

ஏன் அம்மாவுக்கு நேரே அனுப்பச் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். படத்தில் இருப்பது அண்ணாதானா என்று முதலில் நான் பார்க்க நினைத்தேன். வேறு எமிலியனாக இருந்தால் அம்மா தாங்கமாட்டா. பார்த்து, இங்கே ஸ்டூடியோவில் கொடுத்து அவனை மட்டும் தனியாகப் பெரிதாக எடுத்து, பிறகு கொண்டுபோகலாம் என்று இருந்தேன். ஆடி மாதத்துக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், படம் தொலைந்துவிட்டது என்று. பிறகு கேட்டா: "சேர் இருக்கிறார்தானே? ரெண்டு வருசம் பிள்ளையை முன்னுக்கு வைச்சுப் படிப்பிச்சவர். அவரைக் கேள், பிள்ளையின்ர முகம் எப்பிடி எண்டு."

அதனால் கேட்கிறேன். எழுதுங்கள் சேர்.

அஜித்தா


மாம்புரி,
2018 மே 21.

அன்புள்ள பிள்ளை அஜித்தாவுக்கு,

பதில் எழுத மூன்று கிழமை எடுத்துவிட்டது. சும்மா இருக்கவில்லை.

அந்த வகுப்பில் ஹாசிம் என்று ஒரு பையன் இருந்தான். 1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டபோது அவர்களுடைய குடும்பமும் இந்தக் கரைக்கு வந்தது. இப்போது புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் கடை வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவனிடம் ஒரு பிரதி இருக்குமென்று போனேன். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான், அவனுக்கும் தாடி நரைத்திருக்கிறது. கதிரை போட்டு, பிளேன்ரீ தந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "படமா சேர்? தோணியில உம்மாவ ஏத்தவே இடமில்லாம நிண்டவங்க நாங்க."

எமிலியனை ஞாபகம் இருக்கிறதா என்றேன். உடனே ஓம் என்றான். முகம் எப்படி என்று கேட்டேன். கனநேரம் யோசித்தான். "முகம் இல்ல சேர், கைதான் ஞாபகம் இரிக்கு. இடக்கையால பந்து போடுவான். அவன்ட பந்துக்கு நான் எத்தின தரம் அவுட்டாகினவன்." அது உண்மை. இடது பக்கம் சாய்ந்த அவனுடைய எழுத்து எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கணக்கில் அவன் விட்ட பிழைகள்கூட ஞாபகம் இருக்கின்றன, கழித்தலில் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மறப்பான்.

முகத்துக்கு வருகிறேன். மூன்றாம் வரிசையில் இடமிருந்து நான்காவது. அந்த இடத்தில் நிற்பவனை நான் கண்ணை மூடிப் பார்க்கிறேன். நெடுவல். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்திருக்கிறான். மேற்பல்லில் ஒரு இடைவெளி, அதை மறைக்க வாயை மூடிக்கொண்டு சிரிப்பான். புருவம் அடர்த்தி. நூற்றுக்கு எழுபது பங்கு நிச்சயம் என்று எழுதலாம் என நினைக்கிறேன். அறுபத்தைந்து என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தாயாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

செ. பீற்றர்


2018 ஜூன் 3

சேர்,

நேற்று அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது என்ர பிள்ளை இல்லை. அவனுக்கு நெருங்கின பல்லு. இது ஆரோ பக்கத்தில நிண்ட பெடியன். சேருக்கு மறந்துபோச்சு, பாவம். நீ அவருக்கு இல்லை எண்டு எழுதாதை, வயசுபோன மனுசன்."

எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பிழையைப் பிழை என்று சொல்வதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் அவன் எப்படி இருந்தான், நீங்களே சொல்லுங்கோவன் அம்மா என்று கேட்டேன். ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினா. பிறகு சொன்னா: "இல்லை எண்டு சொல்லத் தெரியுது பிள்ளை. எப்பிடி எண்டு வருகுதில்லை. அதுக்குத்தானே படம் கேட்டனான்."

இதற்கு மேல் உங்களை ஒன்றும் கேட்கமாட்டேன் சேர். தளத்தில் உங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறேன். பொருள் வராமல் ஏன் போட்டாய் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

அஜித்தா


மாம்புரி,
2018 ஜூன் 18.

அன்புள்ள பிள்ளை அஜித்தாவுக்கு,

தங்களிடம் அனுமதி கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மன்னாருக்குப் போனேன்.

தாயார் சொன்ன வசனத்தில் எனக்கு ஒரு வழி தெரிந்தது போலிருந்தது. இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியும். எனக்கு அந்த வகுப்பில் பதினொரு முகம் நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொன்னால், அவர் இல்லை இல்லை என்று கழித்துக்கொண்டு போகலாம். கழித்து மிஞ்சுவது எமிலியனாக இருக்கலாம். இது சரியான முறையல்ல என்று எனக்கே தெரியும். மிச்சம் இருபது பையன்களை நான் எங்கே போய்த் தேடுவது? ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. பதினொரு முகத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன்.

கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் இருந்தார்கள். பெயர் எழுதிய மட்டையை வைத்து உங்கள் தாயாரைக் கண்டுபிடித்தேன். நான் யாரென்று சொன்னதும் எழும்பப் பார்த்தார், வேண்டாம் என்று நானும் பக்கத்துப் பாயில் இருந்தேன். படத்தைத் தொலைத்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர், "அது தொலைஞ்சதுகளோட ஒண்டு சேர்" என்று மட்டும் சொன்னார். பிறகு என் முறையை விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி, வாசியுங்கோ" என்றார்.

முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது பையனைச் சொன்னபோது சிரித்தார், "ஐயோ சேர், அது சங்கிலித்தாம் வீட்டு மூத்தவன். எங்கட வேலியைப் பிரிச்சவன்" என்றார். ஹாசிமையும் சொன்னேன். இல்லை. ஆறாவது பையனைச் சொன்னபோது கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். கண் அப்பிடித்தான், உள்ளுக்குப் போன கண், மூக்கு இல்லை என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். ஒன்பதாவதில் காது சரி என்றார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் மகனின் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து இல்லை. பதினொன்று இல்லை. கொப்பியை மூடினேன். இனி என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் கேட்டார்:

"இன்னும் சொல்லுங்கோ சேர்."

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு பிள்ளைக்கும் பொய்யாக ஒரு புள்ளியும் போடவில்லை. தங்களுக்கு உண்மையைச் சொல்லவே இந்தக் கடிதம். கொப்பியை மறுபடி திறந்து, எழுதாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டாவது பையனைச் சொன்னேன். உள்ளுக்குப் போன கண். ஒன்பதாவது பையனின் காது. நெருங்கின பல். இடக்கையால் எழுதுவான், அதனால் வாங்கில் எப்போதும் இடது ஓரத்தில் இருப்பான். மற்றதையெல்லாம் நானே போட்டேன். நெற்றியில் விழும் மயிரை, தாடையை, கேள்வி கேட்டால் எழும்புமுன் ஒருதரம் யன்னலைப் பார்க்கும் பழக்கத்தை. அப்படி ஒரு பையன் என் வகுப்பில் இருந்தானா என்று எனக்குத் தெரியாது.

தாயார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை காத்திருந்தேன்.

இல்லை என்று அவர் சொல்லவேயில்லை.

செ. பீற்றர்